நீளம் மாறும் செயலுருபுப் பட்டியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே செயற்கூற்றுக்கு ஓரிடத்தில் இரண்டு மதிப்புகளையும் வேறோரிடத்தில் இருபது மதிப்புகளையும் அனுப்ப முடிகிற வசதியைப் பற்றி, சி மொழி கற்பவர்களும், சியிலிருந்து பைத்தான், ஜாவா, கோ என்று நகர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஃபங்ஷனைச் செயற்கூறு என்றும் ஆர்க்யுமென்டைச் செயலுருபு என்றும் பாடநூல் வழக்கப்படி எழுதியிருக்கிறேன். கம்பைலர், ஸ்டாக், பாயின்டர் போன்றவற்றை நாம் பேசுகிறபடியே விட்டுவிட்டேன். நூலகப் பெயர்கள் ஒலிபெயர்ப்பில் உள்ளன.

நீளம் மாறும் செயலுருபுப் பட்டியல் என்பது எது?

செயற்கூற்றை எழுதுகிறவர், அதற்கு எத்தனை மதிப்புகள் வரும் என்று வரையறுத்துவிடாமல், "இதற்குமேல் எத்தனை வந்தாலும் வாங்கிக்கொள்வேன்" என்று அறிவிப்பதே இது. சி படித்தவர்கள் எல்லோரும் முதல் நாளிலேயே இதைப் பயன்படுத்தியிருப்பார்கள், ஏனெனில் பிரிண்ட்எஃப் அப்படிப்பட்டதுதான். பாஸ்கலின் ரைட்எல்என்-உம் எத்தனை மதிப்புகளையும் ஏற்கும். ஆனால் அது கம்பைலர் தனக்கென்று வைத்துக்கொண்ட சலுகை, தரநிலைப் பாஸ்கலில் அதைப் போன்ற ஒன்றை நாம் எழுத முடியாது. சி அந்தச் சலுகையை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதற்குக் கொடுத்த விலையைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தின் பாதி பேசுகிறது.

சி மொழியில் இதை எழுதுவது எப்படி?

கொடுத்த முழு எண்களைக் கூட்டித் தரும் செயற்கூறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை கூட்டு(3, 10, 20, 30) என்று அழைக்கிறோம். முதலில் உள்ள 3, பின்னால் மூன்று எண்கள் வருகின்றன என்பதைச் சொல்கிறது, விடை 60.

இதற்கு 'எஸ்டிடிஆர்க்' என்ற தலைப்புக் கோப்பைச் சேர்க்க வேண்டும். செயற்கூற்றின் தலைப்பில், எண்ணிக்கை என்ற பெயருள்ள அளபுருவுக்குப் (பாராமீட்டர், அதாவது வரும் மதிப்பை வாங்கிக்கொள்ளும் பெயர்) பிறகு ஒரு காற்புள்ளியும் மூன்று புள்ளிகளும் வரும். உள்ளே விஏ_லிஸ்ட் வகையில் ஒரு மாறியை அறிவித்து, கடைசியாகப் பெயரிட்ட அளபுருவைச் சுட்டி விஏ_ஸ்டார்ட் என்று தொடங்கி, மடக்குக்குள் (லூப்) ஒவ்வொரு முறையும் விஏ_ஆர்க் என்பதிடம் "அடுத்ததை முழு எண்ணாக எடுத்துக் கொடு" என்று கேட்டு, முடிந்ததும் விஏ_எண்ட் என்று மூட வேண்டும். இந்த வடிவம் 1989-ஆம் ஆண்டின் ஆன்சி தரநிலையில் நிலைபெற்றது. அதற்கு முந்தைய யூனிக்ஸ் நிரல்களில் 'வார்ஆர்க்ஸ்' என்ற வேறொரு தலைப்புக் கோப்பைக் காணலாம். அதைப் புதிய நிரலில் தொட வேண்டியதில்லை.

இப்போது அதே செயற்கூற்றை கூட்டு(4, 10, 20, 30) என்று தவறாக அழைத்துப் பாருங்கள். கம்பைலர் ஒன்றும் சொல்லாது. நிரலும் பெரும்பாலும் விழாது. நான்காவது எண் இருக்க வேண்டிய ரெஜிஸ்டரில் (செயலிக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடம்) முன்பு யாரோ விட்டுப்போன எச்சம் எதுவோ, அது 60-உடன் கூட்டப்பட்டு விடையாக வரும். சில நாள் அந்த எச்சம் சுழியமாக இருந்து, விடை சரியாகவே வந்து தொலைக்கும் என்பதுதான் இதில் கொடுமை.

அப்படியானால் எத்தனை மதிப்புகள் வந்தன என்பதைச் செயற்கூறு எப்படித்தான் அறிகிறது?

சியில் அது அறிவதே இல்லை. எண்ணிக்கையும் வகையும் செயலுருபுகளோடு பயணிப்பதில்லை. அழைப்பவர் வேறு வழியில் சொன்னால்தான் உண்டு. நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. மேலே கண்டதுபோல் எண்ணிக்கையை முதலில் அனுப்பலாம். பிரிண்ட்எஃப் செய்வதுபோல், வடிவச் சரம் (ஃபார்மட் ஸ்ட்ரிங்) ஒன்றிலேயே எண்ணிக்கையையும் வகையையும் எழுதி அனுப்பலாம். அல்லது பட்டியலின் முடிவில் ஓர் எல்லைக்கல்லை நடலாம். இன்னொரு நிரலை இயக்கும் எக்ஸெக்எல் என்ற யூனிக்ஸ் அழைப்பு இந்த மூன்றாம் வழியைப் பின்பற்றி, நல் பாயின்டர் வரும்வரை படித்துக்கொண்டே போகிறது.

எல்லைக்கல்லில் ஒரு வழுக்கல் உண்டு. நல் என்பதை வெறும் 0 என்று வரையறுக்க சி தரநிலை அனுமதிக்கிறது. 64-பிட் லினக்ஸில் 0 என்ற முழு எண்ணின் அளவு 4 பைட், பாயின்டரின் அளவு 8 பைட். பெயரிட்ட அளபுருவாக இருந்தால் கம்பைலர் தானாகவே பாயின்டராக மாற்றிவிடும். மூன்று புள்ளிகளுக்குள் விழும் மதிப்புக்கு அந்த மாற்றம் நடப்பதில்லை, ஏனெனில் எதற்கு மாற்ற வேண்டும் என்று அதற்குத் தெரியாது. மீதி 4 பைட்டில் குப்பை இருந்தால் எல்லைக்கல் கண்ணில் படாமல் செயற்கூறு அதைத் தாண்டிப் போய்விடும். ஆகவே எக்ஸெக்எல் அழைப்பின் கடைசியில் நல் என்பதைச் சார் பாயின்டராக வகைமாற்றி எழுதுவது அழகுக்காகச் செய்வதல்ல.

விஏ_ஆர்க்கிடம் சார், ஷார்ட், ஃப்ளோட் என்று கேட்டால் ஏன் தவறாகிறது?

மூன்று புள்ளிகளுக்குள் போகும் மதிப்புகள் அனுப்பும்போதே பெரிதாக்கப்படுகின்றன: சார், ஷார்ட் இரண்டும் இன்ட் ஆகின்றன, ஃப்ளோட் டபுள் ஆகிறது. எனவே அந்தப் பக்கம் ஃப்ளோட் என்று ஒன்று வந்து சேருவதே இல்லை. டபுள் என்று கேளுங்கள், பிறகு வேண்டுமானால் ஃப்ளோட்டாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். பிரிண்ட்எஃப்-இல் ஃப்ளோட்டுக்கும் டபுளுக்கும் ஒரே '%எஃப்' போதுமானதாக இருப்பதும், ஸ்கேன்எஃப்-இல் இரண்டுக்கும் தனித்தனிக் குறி தேவைப்படுவதும் இதனால்தான். ஸ்கேன்எஃப்-க்குப் போவது மதிப்பு அல்ல, முகவரி, முகவரியை யாரும் பெரிதாக்குவதில்லை.

செயலுருபுகள் உண்மையில் எங்கே வைக்கப்படுகின்றன?

பழைய 32-பிட் இன்டெல் கணினிகளில் விடை எளிது: எல்லாம் ஸ்டாக் என்ற, அழைப்புகளுக்கான நினைவகப் பகுதியில், ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை குலையாமல். விஏ_லிஸ்ட் என்பது அந்த வரிசையில் நகரும் ஒரு பாயின்டர், அவ்வளவே. பல பாடநூல்கள் இன்றும் இந்தப் படத்தைத்தான் வரைந்து காட்டுகின்றன. ஆனால் இன்றைய கணினிகளுக்கு அது பொருந்தாது.

64-பிட் லினக்ஸில் முழு எண்களும் பாயின்டர்களும் முதல் 6 வரை பொது ரெஜிஸ்டர்களிலும், தசம எண்கள் முதல் 8 வரை தனிப்பட்ட மிதவை ரெஜிஸ்டர்களிலும் போகின்றன. மிஞ்சியவைதான் ஸ்டாக்குக்கு வருகின்றன. செயற்கூறு தொடங்கியதும் இந்த ரெஜிஸ்டர்களை 176 பைட் அளவுள்ள ஓரிடத்தில் இறக்கி வைக்க இடம் ஒதுக்கப்படுகிறது: ஆறு எட்டுகள் 48, எட்டு பதினாறுகள் 128. விஏ_லிஸ்ட் இங்கே 24 பைட் கொண்ட ஒரு ஸ்ட்ரக்சர். பொது வரிசையில் எதுவரை படித்தோம், மிதவை வரிசையில் எதுவரை படித்தோம், ஸ்டாக்கில் மிஞ்சியது எங்கே, இறக்கி வைத்த இடம் எங்கே என்ற நான்கு செய்திகளை அது சுமக்கிறது.

இது வெறும் ஏட்டுச் செய்தி அல்ல என்பதைக் காண ஒரு வரி போதும். பிரிண்ட்எஃப்("%டி %எஃப்", 2.5, 7) என்று வேண்டுமென்றே வகையை மாற்றி எழுதி, எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் 64-பிட் லினக்ஸ் கணினியில் ஓட்டிப் பாருங்கள். குப்பை வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். திரையில் '7 2.500000' என்று ஒழுங்காக வரும். 2.5 மிதவை வரிசையின் முதல் ரெஜிஸ்டரில் இருக்கிறது, 7 பொது வரிசையில் இருக்கிறது. '%டி' பொது வரிசையிலிருந்தும் '%எஃப்' மிதவை வரிசையிலிருந்தும் எடுப்பதால், வரிசை மாறி அனுப்பியது தானே நேராகிவிட்டது. தரநிலையைப் பொறுத்தவரை இது வரையறுக்கப்படாத நடத்தை. வேறு கணினியில் வேறு விதமாக வரும். தவறான நிரல் சரியான விடையைத் தருவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

ஆப்பிளின் ஆர்ம் 64-பிட் கணினிகளில் கதை வேறு. அங்கே மூன்று புள்ளிகளுக்குள் விழுபவை எல்லாம், ரெஜிஸ்டர் காலியாக இருந்தாலும், ஸ்டாக்கில்தான் வைக்கப்படுகின்றன. ஆகையால் நீளம் மாறும் செயற்கூறு ஒன்றைச் சாதாரணச் செயற்கூறு என்று தவறாக அறிவித்து அழைத்தால், வைத்த இடம் ஒன்று, தேடும் இடம் வேறு. பைத்தானின் சிடைப்ஸ் வழியாக பிரிண்ட்எஃப் போன்றவற்றை அழைப்பவர்கள், நிலையான அளபுருக்களின் வகைகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று ஆவணங்கள் வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம்.

32-பிட்டில் நன்றாக ஓடிய என் பதிவேட்டுச் (லாக்) செயற்கூறு 64-பிட்டில் ஏன் விழுகிறது?

அநேகமாக ஒரே விஏ_லிஸ்ட்டை இரண்டு முறை பயன்படுத்தியிருப்பீர்கள். நானும் செய்திருக்கிறேன். பிழைச் செய்தியைத் திரையிலும் கோப்பிலும் எழுதும் செயற்கூறு அது: விஏ_ஸ்டார்ட் ஒருமுறை, பிறகு அதே பட்டியலை, விஏ_லிஸ்ட்டை வாங்கிக்கொள்ளும் பிரிண்ட்எஃப் வடிவங்களான விபிரிண்ட்எஃப்-க்கும் அடுத்து விஎஃப்பிரிண்ட்எஃப்-க்கும் கொடுத்திருந்தேன். ஆண்டுக்கணக்கில் அது ஓடியது. சர்வரை 64-பிட் லினக்ஸுக்கு மாற்றிய பிறகு, திரையில் செய்தி சரியாக வந்தது, கோப்பில் எழுதும்போது நிரல் விழுந்தது. அதுவும் பிழை நேர்ந்தால்தான் அந்த வரி ஓடும் என்பதால், பிழையைச் சொல்ல வேண்டிய இடமே பிழையை விழுங்கிக்கொண்டிருந்தது.

காரணம் மேலே சொன்ன அமைப்பிலேயே இருக்கிறது. 32-பிட்டில் விஏ_லிஸ்ட் ஒரு பாயின்டர் ஆதலால் அதன் நகல்தான் உள்ளே போகிறது. உள்ளே நகர்ந்தது வெளியே தெரியாது. 64-பிட் லினக்ஸில் அது ஒற்றை உறுப்புள்ள அர்ரே. அர்ரேயை அனுப்பினால் முகவரி போகும், உள்ளே நகர்ந்தால் வெளியிலும் நகர்ந்திருக்கும். இரண்டாவது அழைப்பு, முதல் அழைப்பு விட்ட இடத்திலிருந்து, அதாவது பட்டியல் தீர்ந்த பிறகு, படிக்கத் தொடங்குகிறது. 64-பிட் விண்டோஸில் விஏ_லிஸ்ட் இன்றும் வெறும் பாயின்டர்தான் என்பதால் அங்கே இந்தத் தவறு வெளிப்படாது; விண்டோஸில் சோதித்துவிட்டு லினக்ஸுக்கு அனுப்புகிறவர்கள் இதை மனத்தில் கொள்ளவும். தீர்வு எளியது: சி99 தந்த விஏ_காப்பி கொண்டு முன்பே நகல் எடுத்து, இரண்டையும் தனித்தனியே விஏ_எண்ட் செய்ய வேண்டும்.

எனக்கு வந்த பட்டியலை அப்படியே பிரிண்ட்எஃப்-க்குக் கடத்தலாமா?

முடியாது. சியில் மூன்று புள்ளிகளை அப்படியே இன்னொரு செயற்கூற்றுக்குக் கைமாற்றும் தொடரியல் இல்லை. அதற்காகத்தான் நூலகம் 'வி' என்று தொடங்கும் இணைகளை வைத்திருக்கிறது. அவை விஏ_லிஸ்ட்டை வாங்கிக்கொள்கின்றன. நீங்கள் நீளம் மாறும் செயற்கூறு ஒன்றைப் பிறர் பயன்படுத்த எழுதினால், அதற்கும் இப்படி ஓர் இணையை எழுதி வையுங்கள்.

பயனர் தட்டச்சு செய்ததை நேரடியாக பிரிண்ட்எஃப்-க்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

பயனர் தட்டச்சு செய்ததில் சதவீதக் குறி இல்லாதவரை ஒன்றும் ஆகாது. இருந்தால், உங்கள் நிரலுக்கு வழிகாட்டும் சரத்தை அவர் எழுதுகிறார் என்று பொருள். '%எக்ஸ்' என்பதை வரிசையாக எழுதினால் ரெஜிஸ்டரிலும் ஸ்டாக்கிலும் உள்ளதெல்லாம் திரையில் வந்து கொட்டும். '%என்' அதைவிடக் கொடியது: அதுவரை அச்சிட்ட எழுத்துகளின் எண்ணிக்கையைப் பட்டியலில் அடுத்துள்ள முகவரியில் எழுதச் சொல்கிறது, அதாவது படிக்கும் ஓட்டை எழுதும் ஓட்டையாகிவிடுகிறது. 2000-ஆம் ஆண்டில் டபிள்யூயூ-எஃப்டிபிடி என்ற, அன்று பரவலாக இருந்த கோப்புப் பரிமாற்ற சர்வரின் 2.6.0 பதிப்பில் இதே வகைத் தவறு கண்டறியப்பட்டு, தொலைவிலிருந்தே ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழுக் கட்டுப்பாடு, பெற முடிந்தது. அதுவரை பலரும் இதை வெறும் அழகுக் குறையாகவே கருதியிருந்தார்கள். மைக்ரோசாஃப்ட்டின் சி நூலகம் இன்று '%என்' குறியை இயல்பிலேயே முடக்கி வைத்திருக்கிறது.

வடிவச் சரம் எப்போதும் நிரலுக்குள் எழுதப்பட்ட மாறிலியாக இருக்கட்டும்; பயனரின் உரை '%எஸ்' வழியாக மட்டுமே உள்ளே வரட்டும்.

கம்பைலர் இவற்றைப் பிடித்துத் தராதா?

நூலகத்தின் பிரிண்ட்எஃப் குடும்பத்தை அது நன்றாகவே சோதிக்கும். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் 'வால்' எச்சரிக்கைகளை இயக்கினாலே வடிவச் சரமும் வகைகளும் ஒப்பிடப்படுகின்றன. நீங்களே எழுதிய பதிவேட்டுச் செயற்கூற்றுக்கு அந்தச் சோதனை தானாக வராது. அதன் அறிவிப்பில் 'ஃபார்மட்' என்ற ஆட்ரிபியூட்டைச் சேர்த்து, வடிவச் சரம் எத்தனையாவது, சோதனை எத்தனையாவதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற இரு எண்களைத் தர வேண்டும். எல்லைக்கல் முறைக்கு 'சென்டினல்' என்ற ஆட்ரிபியூட் இருக்கிறது. எண்ணிக்கையை முதலில் அனுப்பும் முறைக்கு இப்படி ஒரு காவல் இல்லை. மூன்று வழிகளில் அதையே நான் கடைசியாகத் தேர்வேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பைத்தானில் நட்சத்திரக் குறி செய்வதும் இதுதானா?

வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே வேறு. அளபுருவின் முன் ஒரு நட்சத்திரம் இட்டால், மீதமுள்ள மதிப்புகள் எல்லாம் ஒரு டியூப்பிளாக (மாற்ற முடியாத பட்டியல்) கட்டித் தரப்படுகின்றன. எண்ணிக்கை அதனுள்ளேயே இருக்கிறது, ஒவ்வொரு மதிப்பும் தன் வகையைத் தானே அறியும். இரண்டு நட்சத்திரம் இட்டால் பெயரோடு வந்தவை ஓர் அகராதியாகக் கட்டப்படும். சியில் அழைப்பவரின் வாக்குறுதியாக மட்டும் இருந்த செய்தி, இங்கே மதிப்போடு சேர்ந்தே வருகிறது.

அழைக்கும் பக்கத்தில் அதே நட்சத்திரம் எதிர்த்திசையில் வேலை செய்து, கட்டை அவிழ்க்கிறது. நட்சத்திர அளபுருவுக்குப் பின்னால் எழுதிய அளபுருக்களைப் பெயர் சொல்லித்தான் அனுப்ப முடியும் என்ற விதி பைத்தான் 3-இல் வந்தது. பிரிண்ட் செயற்கூற்றில் பிரிப்புக் குறியைப் பெயர் சொல்லித் தருவது இவ்விதிக்கு உட்பட்டே நடக்கிறது. செயற்கூற்றுப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கவும் பைத்தான் 3 இடம் தருகிறது என்பதால், கூட்டு(10, 20, 30) என்று அப்படியே எழுதி மாணவர்களுக்குக் காட்டலாம்.

ஜாவாவில் முழு எண் அர்ரேயை அனுப்பினால் ஏன் ஒரே உறுப்பாகத் தெரிகிறது?

ஜாவா 5 பதிப்பு 2004-இல் தந்த இந்த வசதி, உண்மையில் அர்ரேக்குப் போர்த்திய போர்வை. நீங்கள் மதிப்புகளை எழுதினால் கம்பைலர் அவற்றை ஓர் அர்ரேயில் இட்டு அனுப்புகிறது. நீங்களே அர்ரேயைக் கொடுத்தால் அதையே அனுப்புகிறது. அர்ரேஸ்.ஆஸ்லிஸ்ட் எதிர்பார்ப்பது ஆப்ஜெக்ட்களின் அர்ரே. இன்ட் என்பது ஆப்ஜெக்ட் அல்ல, ஆனால் இன்ட் அர்ரே ஓர் ஆப்ஜெக்ட். எனவே நூறு எண்கள் கொண்ட இன்ட் அர்ரே, ஒரே உறுப்புள்ள லிஸ்ட்டாகத் திரும்பி வருகிறது. இன்டீஜர் அர்ரேயாகக் கொடுத்தால் நூறும் வரும்.

ஒவ்வோர் அழைப்பிலும் ஓர் அர்ரே பிறப்பது செலவுதான். ஜாவா 9-இன் லிஸ்ட்.ஆஃப், சுழியத்திலிருந்து பத்து வரையான உறுப்புகளுக்குத் தனித்தனி வடிவங்களை வைத்துவிட்டு, அதற்கு மேல் போனால் மட்டும் நீளம் மாறும் வடிவத்தைப் பயன்படுத்துவது இந்தச் செலவைத் தவிர்க்கத்தான்.

அனுப்பிய பட்டியலைச் செயற்கூறு மாற்றினால் என் பட்டியலும் மாறுமா?

மொழியைப் பொறுத்தது. கோ மொழியில் ஸ்லைஸ் (அதன் பட்டியல் வகை) ஒன்றின் பின்னால் மூன்று புள்ளிகள் இட்டு அனுப்பினால் நகல் எடுக்கப்படுவதில்லை; உள்ளே ஓர் உறுப்பை மாற்றினால் உங்களுடையதும் மாறும். ஜாவாவில் அர்ரேயாகவே கொடுத்தாலும் அப்படித்தான். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் அவிழ்த்து அனுப்பும்போது புதிய கட்டு உருவாகிறது, ஆகவே உங்கள் பட்டியல் தப்பிக்கும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டில் சில லட்சம் உறுப்புகள் உள்ள அர்ரேயை மேத்.மேக்ஸ்-க்குள் அவிழ்க்க முயன்றால் எஞ்சின் மறுத்துப் பிழை எறியக்கூடும். அங்கே மடக்கே பொருத்தம்.

சி++, ரஸ்ட் இவற்றைக் கைவிட்டுவிட்டனவா?

சி++ மூன்று புள்ளிகளை இன்னும் வைத்திருக்கிறது, ஆனால் 2011 தரநிலையில் வந்த வேரியாடிக் டெம்ப்ளேட் வேலையைக் கம்பைல் நேரத்துக்கு நகர்த்திவிட்டது: ஒவ்வொரு வகைச் சேர்க்கைக்கும் தனிச் செயற்கூறு உருவாவதால் வகை தொலைவதில்லை. சி++20-இன் ஃபார்மட் நூலகம் வடிவச் சரத்தையே கம்பைல் நேரத்தில் சோதிக்கிறது. ரஸ்ட்டில் பிரிண்ட்எல்என் பெயருக்குப் பின்னால் ஆச்சரியக்குறி இருப்பது அது செயற்கூறு அல்ல, மேக்ரோ என்பதால். ரஸ்ட்டின் சாதாரணச் செயற்கூறுகளுக்கு நீளம் மாறும் பட்டியல் கிடையாது, சி நூலகத்தில் உள்ளவற்றை அறிவித்து அழைக்க மட்டும் முடியும்.

எந்த இடங்களில் இதைத் தவிர்க்கலாம்?

வரும் மதிப்புகள் எல்லாம் ஒரே வகை, அவை ஏற்கெனவே ஒரு பட்டியலில் இருக்கின்றன என்றால் பட்டியலையே வாங்கிக்கொள்ளுங்கள். சியில் புதிதாக எழுதும்போது, பதிவேட்டுச் செய்திகளைத் தவிர வேறெதற்கும் நான் மூன்று புள்ளிகளைப் பயன்படுத்துவதில்லை. அர்ரேயும் அதன் அளவும் சேர்த்து அனுப்புவது ஒரு வரி கூடுதலாகத் தட்டுவதுதான். வாகனங்களில் ஓடும் நிரல்களுக்கென்று பிறந்த மிஸ்ரா வழிகாட்டுதலின் 2012 பதிப்பு, விதி 17.1-இல் எஸ்டிடிஆர்க் வசதிகளையே விலக்கிவைக்கிறது.

'சில நேரம் மட்டும் ஒன்று கூடுதல்' என்ற தேவைக்கு இதைப் பயன்படுத்துவதும் வம்பு. யூனிக்ஸின் ஓப்பன் அழைப்பில் கோப்பைப் புதிதாக உருவாக்கும்போது மட்டும் மூன்றாவதாக அனுமதி எண்ணைத் தர வேண்டும்; மறந்தால் கம்பைலர் பெரும்பாலும் வாய் திறக்காது, கோப்பும் உருவாகும், அதன் அனுமதிகள் மட்டும் எச்சத்திலிருந்து வரும். நீங்கள் உருவாக்கிய கோப்பை நீங்களே திறக்க முடியாமல் போகிறபோதுதான் தெரியவரும்.

ஒரு மதிப்புகூட அனுப்பாமல் அழைத்தால்?

கூட்டலுக்குச் சுழியம் என்று சொல்லிவிடலாம். பெரியதைக் கண்டுபிடிக்கும் செயற்கூற்றுக்கு என்ன சொல்வது? ஜாவாஸ்கிரிப்ட்டின் மேத்.மேக்ஸ் எதிர்ம முடிவிலியைத் திருப்பித் தருகிறது, பைத்தானின் மேக்ஸ் பிழை எறிகிறது. சியில், சி23 வரும்வரை, பெயரிட்ட அளபுரு ஒன்றாவது இல்லாமல் இத்தகைய செயற்கூற்றை அறிவிக்கவே முடியாது.

பைத்தானில் வெறுமையைவிடத் தந்திரமானது ஒற்றை உறுப்பு. மாணவர்களின் மதிப்பெண் பட்டியலை நட்சத்திரத்தோடு மேக்ஸ்-க்குள் அவிழ்க்கிறீர்கள். இருபது பேருக்கும் இரண்டு பேருக்கும் விடை சரியாக வருகிறது. ஒரே ஒருவர் தேர்வெழுதிய நாளில் மேக்ஸ்-க்குப் போவது 87 என்ற ஒற்றை எண். ஒற்றைச் செயலுருபு வந்தால் அதை ஒரு பட்டியலாகக் கருதி உள்ளே தேடுவது அதன் வழக்கம் என்பதால், 'முழு எண்ணுக்குள் ஒவ்வொன்றாக நகர முடியாது' என்று நிரல் நின்றுவிடும். நட்சத்திரத்தை எடுத்துவிட்டுப் பட்டியலையே கொடுங்கள். யாருமே எழுதாத நாளுக்காக, பைத்தான் 3.4 முதல் உள்ள 'டிஃபால்ட்' என்ற பெயருள்ள அளபுருவில் 0 என்று சொல்லி வையுங்கள்.